துயருக்கு வயதுண்டோ?

பெரியவர்களின் துன்பம் பெரிது, சிறியவர்களின் துன்பம் சிறிது என்றோர் எண்ணம் நம்மிடையே வேரோடிக் கிடக்கின்றது. எழுதி வைக்காமலே எல்லோரும் பின்பற்றும் சட்டங்களுள் இதுவும் ஒன்று. வேலை இழந்தவன் வருந்தினால் உறவினர் வந்து விசாரிக்கின்றனர். மனைவியை இழந்தவன் அழுதால் தெருவே கூடுகின்றது. பன்னிரண்டு வயதுப் பையன் தன் தோழன் ஊரை விட்டுப் போகின்றான் என்று அழுதாலோ, "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? வேறு பையன்கள் கிடைக்கமாட்டார்களா?" என்ற இரண்டு கேள்விகளோடு வீட்டார் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றனர். பதினேழு வயதுப் பெண்ணொருத்தி காரணம் சொல்லாமல் கண்கலங்கினால் நிலைமை இன்னும் மோசம். அது துன்பமாகவே கருதப்படுவதில்லை. குற்றமாகக் கருதப்பட்டு விசாரணை தொடங்கிவிடுகின்றது.

இந்த அளவுகோல் நேர்மையானதுதானா? துயரத்தின் எடையை, அதனை அடைந்தவரின் வயதைப் படிக்கல்லாக வைத்து நிறுக்கலாமா? இவ்வினாவை ஆராய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மைசூரில் அக்ரஹாரம் என்று வழங்கும் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பத்தினருக்கு லட்சுமிபுரம் நடந்து போகும் தூரம். பெயரில் மட்டும் பழைமையைச் சுமந்துகொண்டு, பல மொழியினரும் பல தொழிலினரும் கடைகளுமாக நெரிசல் மிக்கிருக்கும் நம் அக்ரஹாரத்தை விட அது சற்று அமைதியான இடம். அந்த லட்சுமிபுரத்தில் இளமையைக் கழித்த தமிழர் ஒருவர், நட்பையும் முதற்காதலையும் இழப்பையும் மூன்று நாவல்களில் எழுதி வைத்துச் சென்றிருக்கின்றார். அவரே ஆர். கே. நாராயண்.

அவர் ஆங்கிலத்தில் எழுதினார்; ஆகவே அவர் நம்மவரா அல்லரா என்னும் வழக்கை அன்பர்கள் சிலர் ஆண்டுதோறும் நடத்துவதுண்டு. அவ்வழக்கு ஈண்டு வேண்டா. வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் ஏட்டில் ஆங்கிலமுமாக வாழ்ந்தவர் அவர். நம்முடைய பிள்ளைகளும் அவ்வாறே வாழ்கின்றனர்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் கல்வித்துறையில் பணியாற்றியவர். அடிக்கடி ஊர் மாற வேண்டிய உத்தியோகம். ஆதலின் சிறுவன் நாராயண் புரசைவாக்கத்தில் பாட்டியிடம் விடப்பட்டார். அங்கே ஒரு மயிலும் ஒரு குரங்கும் அவருக்கு உற்ற தோழர்களாக இருந்தனவாம். பின்னர்த் தந்தையார் மைசூர் மகாராஜா உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியரானபோது மகனும் மைசூர் வந்து சேர்ந்தார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஒருமுறை தோற்று, ஓராண்டு குக்கரஹள்ளி ஏரிக்கரையில் புத்தகமும் கையுமாக அலைந்து, 1930இல் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் தேர்வாணையத்தின் வாயிலில் வரிசையில் நின்றோம். அவரோ, சிறிது காலம் ஆசிரியர் வேலை பார்த்துவிட்டு அதையும் உதறி, எழுத உட்கார்ந்தார். அந்நாளில் அவர் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை ஊகிக்க நமக்குப் பெரிய கற்பனை வேண்டியதில்லை.

1930ஆம் ஆண்டிலேயே, பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளொன்றில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கியதுதான் 'ஸ்வாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' என்னும் நாவல். பதிப்பாளர் பலர் அதைத் திருப்பி அனுப்பினர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவரிடம், கையெழுத்துப் படியைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி நாராயண் எழுதிவிட்டார். நண்பர் அவ்வாறு செய்யவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய்க் கிரஹாம் கிரீன் என்னும் ஆங்கில எழுத்தாளரிடம் கொடுத்தார். கிரீன் முயன்று 1935இல் அது அச்சேறியது. நட்பைப் பற்றிய ஒரு நூல் நட்பினாலேயே ஆற்றில் மூழ்காமல் பிழைத்தது. கிரீனும் நாராயணும் அதன்பின் கடிதங்களாலேயே நண்பர்களாக இருந்து, இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே நேரிற் கண்டனர். கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் பள்ளியில் படித்த நமக்கு இது புதிய செய்தியன்று.

கதையை அறியாதார் நம்மிடையே சிலரே இருத்தல் கூடும். 1986இல் தூர்தர்ஷனில் சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொடரில் அச்சிறுவனை எல்லோரும் பார்த்தோம். பார்த்தவர்கள் பெரும்பாலும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியவை அதில் ஏராளம் உண்டு. ஆயினும் அந்நாவலின் உள்ளீடு சிரிப்பன்று. சுவாமிநாதன் என்னும் சிறுவனுக்கு ராஜம் என்னும் புதிய தோழன் கிடைக்கின்றான். ராஜம் போலீஸ் சூப்பரின்டெண்டெண்டின் மகன். நல்ல உடையும் நல்ல ஆங்கிலமும் உடையவன். அவன் பின்னால் அலைவதைக் கண்டு பழைய தோழர்கள் சுவாமியை 'வால்' என்று பழிக்கின்றனர். பிறகு எல்லோரும் சேர்ந்து கிரிக்கெட் குழு அமைக்கின்றனர். தலைமையாசிரியரின் பிரம்புக்கு அஞ்சி ஓடிய சுவாமி காட்டில் வழி தவறிப்போய், ஆடவேண்டிய ஆட்டத்திற்கு வராமற் போகின்றான். ராஜம் பேச்சை நிறுத்திவிடுகின்றான். சமாதானம் ஆவதற்குள் ராஜத்தின் தந்தைக்கு இடமாற்றம் வந்துவிடுகின்றது.

இடமாற்றம்! இச்சொல்லை மற்ற வாசகர்கள் கதையின் ஒரு திருப்பமாகப் படித்துப் போவர். மத்திய அரசின் ஊழியர் வீடுகளில் இச்சொல்லுக்குரிய பொருள் வேறு. உத்தரவு வந்தால் எத்தனை நாளுக்குள் புதிய இடத்தில் சேரவேண்டும் என்பதற்கு விதி உண்டு. ரயிலில் எந்த வகுப்பு என்பதற்கு விதி உண்டு. சம்பளத்தின் படிநிலைக்கேற்ப எத்தனை கிலோ வீட்டுச் சாமான் கொண்டுபோகலாம் என்பதற்கும் விதி உண்டு. கட்டில், பீரோ, அம்மி, ஹார்மோனியப் பெட்டி எல்லாம் எடையில் அடங்கும். பிள்ளையின் தோழன் எந்தப் பட்டியலிலும் அடங்குவதில்லை. இதில் அரசாங்கத்தின் மேல் பிழையில்லை. விதி எழுதுகின்றவர் எடைபோடக் கூடியதைத்தான் எழுத முடியும். ஆனால் நாமும் அந்த விதிப்புத்தகத்தின் கண்கொண்டே நம் வீட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றோமா என்பதுதான் கேள்வி.

நமக்கு அறிமுகமான குடும்பமொன்று நாகபுரியிலிருந்து இங்கு மாற்றலாகி வந்தது. மகள் அப்போது ஏழாம் வகுப்பு. வந்த நாள் முதல் அவள் ஒரு வார்த்தை முறையிடவில்லை. கன்னட எழுத்துகளை மற்றவர்களை விட விரைவாகவே கற்றாள். பெற்றோர் மனம் நிறைந்து, பெண் நன்றாக ஒட்டிக்கொண்டாள் என்று எல்லோரிடமும் சொன்னார்கள். ஓராண்டு கழித்து, பழைய பள்ளியின் அடையாள அட்டை ஒன்று அவள் பெட்டியில் அகப்பட்டது. அவளுடையதன்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராட்டியப் பெண்ணுடையது. இருவரும் கடைசி நாளில் அட்டையை மாற்றிக்கொண்டிருக்கின்றனர். அட்டை தொலைந்துவிட்டது என்று இரண்டு வீட்டிலும் சொல்லித் திட்டும் வாங்கியிருக்கின்றனர். 'ஒட்டிக்கொண்டாள்' என்ற சொல்லுக்கு அடியில் எவ்வளவு கிடந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

பழந்தமிழ்ச் சான்றோர் நம் அளவுகோலை ஏற்றவராகத் தோன்றவில்லை. புறநானூற்றில் வேந்தரும் வள்ளல்களும் போர்க்களங்களும் நிறைந்திருக்க, அவற்றின் நடுவே 112ஆம் பாடலாக இரண்டு இளம்பெண்களின் புலம்பல் வைக்கப்பட்டிருக்கின்றது. பறம்பையும் பாரியையும் இழந்த பாரி மகளிர், முன்னொரு முழுநிலவு நாளில் தமக்கு இருந்தவற்றையும் இப்போது இல்லாமற் போனவற்றையும் சொல்கின்றனர். ஐந்தே அடிகள். கபிலரின் நெடிய பாடல்களோடு அதனையும் சரியாசனத்தில் வைத்தார் தொகுத்தவர். சிறுபெண்கள் பாடியது என்று தள்ளவில்லை. 243ஆம் பாடலில் தடியூன்றி நடக்கும் முதியவர் தொடித்தலை விழுத்தண்டினார் எதை எண்ணி இரங்குகின்றார்? பதவியையோ பொருளையோ அன்று. இளமையில் உடனாடிய தோழமையையும், ஆழ்ந்த மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளிக் காட்டிய விளையாட்டையும் எண்ணுகின்றார். அன்று அவர் வீட்டுப் பெரியவர்கள் அதனை ஒரு பொருட்டாகக் கருதியிருப்பார்களா? அறுபது, எழுபது ஆண்டுகளுக்குப் பின் எஞ்சி நின்றது அந்த ஒரு பிடி மணல்தான்.

அகத்திணையின் செய்தி இன்னும் வியப்புக்குரியது. தலைவனுக்குப் பதினாறும் தலைவிக்குப் பன்னிரண்டும் என்று பழைய உரைகாரர் வயது வகுத்தனர். அந்த வயதுக் கணக்கை இன்று எவரும் ஏற்க வேண்டியதில்லை, ஏற்கவும் கூடாது. ஆனால் நாம் நூற்றாண்டு நூற்றாண்டாகப் போற்றிப் பாடம் சொல்லும் காதற்பாக்கள் யாவும் நம் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் வயதினரைப் பற்றியவை என்பதை மறக்கலாகாது. சங்கத்து ஆண்டுவிழா மேடையில் குறுந்தொகை, வீட்டுக்கு வந்தால் பிரம்பு என்பது நம்மவர் பலரின் நடைமுறையாக இருக்கின்றது.

நாராயண் 1937இல் வெளியிட்ட 'தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' இவ்வயதைத்தான் எடுத்துக்கொள்கின்றது. பி.ஏ. முடித்த சந்திரன் சரயு ஆற்றங்கரையில் மாலதி என்னும் பெண்ணைக் காண்கின்றான். ஒரு வார்த்தையேனும் அவளோடு பேசியதில்லை. பெண் கேட்கச் சொல்லிப் பெற்றோரை வற்புறுத்துகின்றான். ஜாதகத்தில் செவ்வாய் குறுக்கிடுகின்றது. அவளுக்கு வேறிடத்தில் திருமணம் நடக்கின்றது. சந்திரன் சென்னைக்குப் போய், அங்கிருந்து மொட்டையும் காவியுமாக ஊர் ஊராகத் திரிகின்றான். கிராமத்தார் அவனை மகான் என்று நம்பிக் கும்பிடும்போது, தான் எதற்காகக் காவி கட்டினோம் என்று எண்ணி வெட்கி வீடு திரும்புகின்றான். பிறகு சுசீலா என்னும் பெண்ணைப் பார்க்கின்றான், அவளிடம் மனம் செல்கின்றது, மணம் முடிகின்றது.

இக்கதையை வைத்துப் பெரியவர்கள் வாதிடுவதற்கு நிறைய இடமிருக்கின்றது. "பார்த்தீரா! பேசாத பெண்ணுக்காகச் சந்நியாசம்; அடுத்த பெண்ணைப் பார்த்ததும் அது பறந்தது. இதற்குப் பெயர் காதலா?" என்று கேட்கலாம். கேட்பவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். இளையோர் மனம் விரைவில் ஆறுவது இயற்கையின் அருள் என்றும், ஒவ்வொரு கண்ணீருக்கும் நின்று மாரடித்தால் குடும்பம் நடவாது என்றும் அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில், மாதக் கடைசி வாரத்தில், எத்தனை பேருடைய மனத்தாங்கலைத்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியும்?

ஆயினும் இவ்வாதத்தில் ஒரு பிழை ஒளிந்திருக்கின்றது. ஒன்று நீடிக்கவில்லை என்பதிலிருந்து அது இருக்கவேயில்லை என்ற முடிவுக்கு எவ்வாறு தாவுவது? காலையில் பெய்த மழை மாலைக்குள் காய்ந்துவிட்டது. அதனால் மழை பெய்யவில்லை என்று எந்த உழவனும் சொல்லமாட்டான். ஒரு துன்பத்தின் காலம் வேறு. அதன் கனம் வேறு. சந்திரனின் துயரம் சில மாதங்களே இருந்தது. அச்சில மாதங்களில் அது அவனை வீடு துறக்கச் செய்யும் அளவுக்குக் கனத்தது. நாராயண் சந்திரனின் செய்கைகளைப் பார்த்து நகைக்கின்றார், நகைத்துக்கொண்டே இருக்கின்றார். அவனுடைய வேதனையைப் பார்த்து ஓரிடத்திலும் நகைக்கவில்லை. இந்த வேறுபாட்டைக் காக்கத் தெரிந்தமையால்தான் அவர் கதாசிரியர். நம்மவர் பலர் நகைச்சுவையுணர்வு என்று எண்ணிக்கொண்டு வேதனையைத்தான் கேலி செய்கின்றனர். பிள்ளைகள் நம்மிடம் பேச்சை நிறுத்திக்கொள்வது அந்த இடத்தில்தான்.

ஜாதகச் செய்தி நாராயண் கட்டிய கற்பனையன்று. 1933இல் கோயம்புத்தூரில் தம் சகோதரி வீட்டுக்குச் சென்றிருந்தபோது, தெருக்குழாயில் தண்ணீர் எடுக்க வந்த ராஜம் என்னும் பெண்ணைக் கண்டு அவர் மனத்தைப் பறிகொடுத்தார். அவர் ஜாதகத்திலும் செவ்வாய்தான் நின்றது. தடைகளைக் கடந்து திருமணம் நடந்தது. நாவலில் தாம் படைத்த தோழனுக்கு ராஜம் என்று பெயரிட்டபோது, பின்னாளில் அதே பெயருடைய ஒருத்தி தம் வாழ்வில் வருவாள் என்று அவர் அறிந்திருக்க இயலாது. 1939இல் ராஜம் டைபாய்டு கண்டு இறந்தார். நாராயணுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. குழந்தை ஹேமாவுக்கு மூன்று. செவ்வாய் பழிவாங்கிவிட்டது என்று பேசியவர் இருந்திருப்பர். டைபாய்டுக்கு நேரான மருந்து 1940களின் இறுதியில்தான் கைக்கு வந்தது என்பதே நாம் அறியும் செய்தி. அதுவரை வைத்தியர் செய்யக்கூடியதெல்லாம் பத்தியம் சொல்லி நாள் எண்ணுவதுதான். நாராயண் அதன்பின் மறுமணம் செய்துகொள்ளவில்லை. யாதவகிரியில் அவர் பின்னாளில் கட்டிய வீடு, 2011இல் இடிபடத் தொடங்கித் தடுத்து நிறுத்தப்பட்டு, 2016இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. பார்க்கச் செல்லும் அன்பர்கள் ராஜம் அந்த வீட்டில் வாழ்ந்ததில்லை என்பதை நினைவிற் கொள்க.

அந்த இழப்பை ஆறாண்டுகள் மனத்திற் சுமந்து 1945இல் அவர் எழுதிய நூல் 'தி இங்கிலீஷ் டீச்சர்'. பெரும்பகுதி தம் வாழ்க்கையே என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கல்லூரி ஆசிரியன் கிருஷ்ணன், மனைவி சுசீலா, குழந்தை லீலா. புதிய வீடு பார்க்கப் போன இடத்தில் சுசீலாவுக்கு நோய் தொற்றுகின்றது. இக்காய்ச்சலுக்கென்று ஒரு கால ஒழுங்கு உண்டு, அதன்படியே போகும் என்கின்றார் மருத்துவர். ஒழுங்குப்படி போகவில்லை. அவள் இறக்கின்றாள்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வயது வந்தவரின் துயரத்துக்கு நம் மரபு ஒரு பாதை போட்டு வைத்திருக்கின்றது. முதல் நாள் இன்னது, பத்தாம் நாள் இன்னது, பதின்மூன்றாம் நாள் சுபம், மாதந்தோறும் ஒன்று, ஆண்டு நிறைவில் ஒன்று. நம்பிக்கை உடையவர்க்கும் அற்றவர்க்கும் அது ஒரு கைப்பிடியாக உதவுகின்றது. அழுவதற்கு இடமும் அழுகையை நிறுத்துவதற்கு நாளும் அதில் உண்டு. அந்தப் பாதையில் குழந்தைக்கு இடமில்லை. பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றோம். அம்மாவின் அறைக் கதவு ஏன் மூடிக் கிடக்கின்றது என்று லீலா கேட்கின்றாள். தந்தை ஏதோ ஒரு சாக்குச் சொல்லிச் சமாளிக்கின்றான். அக்கேள்விக்கு முன்னால் அவன் நடுங்குவது போல், மரணத்துக்கு முன்னால்கூட நடுங்கினானா என்பது ஐயமே. ஒரு தோழனை இழந்த பையனுக்கும், ஒருதலையாக நேசித்த இளைஞனுக்கும் பத்தாம் நாளும் இல்லை, பதின்மூன்றாம் நாளும் இல்லை. அவர்களுடைய துயரம் சிறிதாக இருப்பதால் அன்று. நாம் அதற்கு ஒரு திண்ணைகூடக் கட்டித் தராததால்தான் அது வீட்டுக்குள்ளேயே ஒளிந்து திரிகின்றது.

இந்நாவலின் பிற்பாதியில், கிருஷ்ணன் ஓர் அன்பரின் உதவியால் இறந்த மனைவியோடு தொடர்பு கொள்வதாக நாராயண் எழுதுகின்றார். அவர் வாழ்விலும் அத்தகைய முயற்சி நடந்தது. இப்பகுதி நம் அறிவுக்கு முழுவதும் உடன்பாடன்று. முற்பாதியிலுள்ள உறுதி அதில் இல்லை என்பதும் நம் கருத்து. ஆனால் அதே பிற்பாதியில் வேறொன்று நிகழ்கின்றது. அதனைத் திறனாய்வாளர் பலர் போகிறபோக்கில் சொல்லிச் செல்கின்றனர். துயரமுற்ற கிருஷ்ணன் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, மிகக் குறைந்த சம்பளத்தில், லீலா படிக்கும் குழந்தைப் பள்ளியில் ஆசிரியனாகச் சேர்கின்றான். ஷேக்ஸ்பியரைக் கற்பித்தவன் களிமண் பொம்மைகளுக்கும் வண்ணத் தாள்களுக்கும் நடுவே தரையில் உட்காருகின்றான். மனைவியை இழந்தவனுக்கு ஆறுதல் ஏன் அங்கே கிடைக்க வேண்டும்? நம் எண்ணம் இதுதான்: பெருந்துயரம் ஒன்றை அனுபவித்த பின்னரே, சிறுவர்களின் உலகம் சிறிய உலகமன்று என்பதை அவன் கண்டான். பொம்மையின் கை உடைந்ததற்கு அழும் குழந்தையைப் பார்த்து, 'இதற்கா' என்று கேட்கும் வாய் அவனுக்கு அதன்பின் இல்லை.

அப்படியானால் நாம் என்ன சொல்வது? பிள்ளையின் துயரத்துக்கு ஆறுதல் கூறுவதே கூடாதா என்று கேட்கலாம். கூறலாம். ஆனால் ஆறுதலிலும் இரண்டு வகை உண்டு. துயரத்தைச் சுருக்கிக் காட்டும் ஆறுதல் ஒன்று; துயரத்தை அதன் முழு அளவில் ஏற்றுக்கொண்டு அருகில் நிற்கும் ஆறுதல் மற்றொன்று. "வேறு நண்பன் கிடைப்பான்" என்பது முதல் வகை. அது பொய்யன்று, பெரும்பாலும் உண்மையாகவே முடியும். ஆயினும் அதில் அன்பில்லை, ஏனெனில் அது கேட்பவனின் நோவைத் தீர்ப்பதற்காகச் சொல்லப்படுவதில்லை. சொல்பவரின் தொல்லையைத் தீர்ப்பதற்காகச் சொல்லப்படுகின்றது. இரண்டாம் வகை சில வேளைகளில் பொய்யாகவும் இருக்கலாம். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடம் கொடுத்திருக்கின்றார். அந்த இடத்தில் யார் நிற்கத் தகுந்தவர் என்பதற்கு நாராயண் தம் முதல் நாவலின் கடைசிப் பக்கத்திலேயே ஒருவனைக் காட்டிவிட்டார்.

அவன் பெயர் மணி. வகுப்பிலேயே முரடன், படிப்பில் கடைசி, எவனையும் தடியால் அடித்துவிடுவதாக மிரட்டுபவன். விடியற்காலையில் ரயில் நிலையம். பேசாமல் இருக்கும் ராஜத்துக்குக் கொடுப்பதற்காக ஆண்டர்சனின் கதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவாமி நிற்கின்றான். கிட்டப் போகத் துணிவில்லை. வண்டி நகர்கின்றது. மணிதான் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வண்டியோடு ஓடி, சுவாமி கொடுத்தது என்று கத்தி, சன்னல் வழியே ராஜத்திடம் சேர்க்கின்றான். ராஜம் கையசைக்கின்றான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தது போலவும் இருந்தது. இயந்திரத்தின் ஊதலில் ஒன்றும் கேட்கவில்லை. சுவாமி விம்மி அழுகின்றான். அவன் கையசைத்தது தனக்குத்தானே, தனக்கு மட்டுந்தானே என்று கேட்கின்றான். மணி ஆமென்கின்றான். இனி ராஜம் தன்னை நினைப்பானா என்று கேட்கின்றான். கட்டாயம் கடிதம் எழுதுவான், தன்னிடமே சொன்னான் என்கின்றான் மணி. என் விலாசம் அவனுக்குத் தெரியாதே என்கின்றான் சுவாமி. நான் கொடுத்துவிட்டேன் என்கின்றான் மணி. அப்படியானால் என் விலாசத்தைச் சொல் பார்ப்போம் என்று சுவாமி மடக்குகின்றான்.

மணி தடுமாறுகின்றான். அவனுக்கு அது தெரியாது. ஆயினும் கொடுத்தது கொடுத்ததுதான் என்று சாதிக்கின்றான். வாழ்நாளெல்லாம் எவருடைய கண்ணீருக்கும் இரங்காத முரடன், அன்று ஒருமுறை கூட, இதற்காகவா அழுகின்றாய், வேறு பையன்கள் இல்லையா என்று கேட்கவில்லை. உண்மையா பொய்யா என்று அறிய சுவாமி அண்ணாந்து அவன் முகத்தைப் பார்க்கின்றான். எப்போதும் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும் அந்த முகத்திலிருந்து இம்முறை ஒன்றும் கண்டுகொள்ள முடியவில்லை. அத்தோடு நாவல் முடிகின்றது. கடிதம் வந்ததா இல்லையா என்று நாராயண் எழுதவில்லை.